கம்பம் திராட்சையும் தென் பிரான்சின் கலவையும்



காலையில் கிள்ளிய கொழுந்தை நாம் அன்றைக்கே ஆலையில் சேர்த்தாக வேண்டும். மூட்டையில் அடைந்து கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும். திராட்சையும் இப்படித்தான். கொடியை விட்டு இறங்கிய குலைக்கு ஆயுள் சில நாட்களே.

தமிழ்நாட்டில் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு திராட்சைக்குப் பேர் போனது. 1895இல் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் நீர் பாயும் பூமி அது. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி போன்ற ஊர்களில் பந்தல் போட்டுக் கொடியேற்றியிருப்பார்கள். அங்கு விளையும் கறுப்புப் பழம் பன்னீர் திராட்சை. மேல்நாட்டார் அதை மஸ்கட் ஹாம்பர்க் என்பார்கள். குளிர்காலத்தில் கொடி உறங்கும் நாடுகளில் ஆண்டுக்கு ஓர் அறுவடைதான். கம்பத்துக் கொடிக்கோ உறக்கமே இல்லை. கவாத்துக் காலத்தை மாற்றி மாற்றி வைப்பதால் ஆண்டு முழுவதும் ஏதாவதொரு தோட்டத்தில் பழம் இருக்கும். 2023இல் இப்பழத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

பெயர் கிடைத்து என்ன? அறுக்கும் வேளையில் மழை பிடித்தால் பழம் வெடித்துவிடும். அப்போது வியாபாரி சொன்னதே விலை. காத்திருக்க முடியாதவன் எப்படிப் பேரம் பேசுவான்? பழத்தைக் கெடாத பொருளாக்கினால்தான் காத்திருக்கலாம்.

இதைப் பட்டறிந்தவர்கள் தென் பிரான்சில் மத்தியதரைக் கடலோரம் வாழும் லாங்குடாக் விவசாயிகள். திராட்சையை ஒயின் என்னும் மதுவாக்குவது அவர்களின் பரம்பரைத் தொழில். அங்குள்ள பெயர்பெற்ற சிவப்பு ஒயின்களில் பல, கலவையே. கரிஞான் என்ற பழம் நிறமும் புளிப்பும் தரும். கிரெனாஷ் இனிப்பு மிகுந்தது. அந்த இனிப்பே நொதித்து மதுவின் வேகமாகிறது. சிரா மிளகு வாசனை தரும். சிவப்பு நிறம் இருப்பது தோலில். ஆகவே சாற்றைத் தோலோடு ஊறவிடுவார்கள். பெரும்பாலும் ஒவ்வொன்றையும் தனித்தனியே நொதிக்க வைத்து, பிறகு ருசி பார்த்து அளவோடு சேர்ப்பார்கள். தேயிலைத் தூளைக் கலப்பவர் செய்யும் வேலையும் இதுவே. சில ஏக்கர் நிலத்தில் சில ஆயிரம் போத்தல்கள் மட்டும் செய்து, தம் பெயரிலேயே விற்கும் குடும்பங்களும் அங்கே உண்டு.

இந்த நிலை எளிதில் வந்ததன்று. 1900ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஒயின் விலை படுவீழ்ச்சி கண்டது. விளைச்சல் மிகுந்தது ஒரு காரணம். சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்த போலிச் சரக்கு இன்னொன்று. கலவை வேறு, கலப்படம் வேறு அல்லவா? 1907 ஜூன் 9ஆம் நாள் மொன்பெலியே நகரில் பல லட்சம் பேர் திரண்டனர். சிறு விவசாயியும் கூலித் தொழிலாளியும் சேர்ந்தே நடந்தார்கள். அதே மாதம் நார்பொன் நகரில் படையினர் சுட்டதில் உயிர்கள் போயின. ஜூன் 29இல் கலப்படத்துக்கு எதிராகச் சட்டம் வந்தது.

அதற்கு முன்பே, 1901இல், மரோசான் கிராமத்துச் சிறு விவசாயிகள் கூட்டுறவு அமைத்து, பாரிஸ் தொழிலாளர் கூட்டுறவுகளுக்கு நேராகவே ஒயினை விற்றார்கள். இடையில் தரகர் இல்லை. நம்மவரிடையே, நீலகிரியின் சிறு தேயிலை விவசாயிகளும் கூட்டுறவு ஆலைகள் கண்டனர். அவற்றின் இணையமான இண்ட்கோசர்வ் 1965இல் தோன்றியது.

கம்பத்துக்கும் இவ்வழி பொருந்தும் என்றே நினைக்கிறோம். ஆனால் ஒயினுக்கு முன் பழச்சாறு வரட்டும். கள்ளும் சம்சுவும் தோட்டத்து வீடுகளில் செய்த வேலையை நாம் அறிவோம். பிழிந்த சாற்றைப் பதமாகச் சூடாக்கி, சுத்தமான போத்தலில் காற்றுப் புகாமல் அடைத்தால் பல மாதம் கெடாது, குழந்தைகளும் குடிக்கலாம்.