சூரியன் திரும்பும் நாள்

(லோறென்ஸ்கூக்கில் நடைபெற்ற பொங்கல் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்று சனிக்கிழமை. நேரம் பின்னேரம் ஐந்து மணி. வெளியில் இருட்டி ஒரு மணித்தியாலமாகிறது. மண்டபத்து மின்சார அடுப்பில் பொங்கி இறக்கிய பொங்கல் மேசையில் இருக்கிறது. மணம் நல்லாய்த்தான் இருக்கு. ஆனால் இங்கே வரும் வழியில் என் மகன் ஒரு கேள்வி கேட்டுவிட்டான். "அம்மா, பொங்கல் சூரியனுக்கெண்டு சொன்னீங்கள். சூரியன் போன பிறகு ஏன் பொங்குறீங்கள்?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலைத்தான் இப்போது உங்கள் முன் சொல்லப் பார்க்கிறேன்.

என் தாயார் யாழ்ப்பாணத்திலிருந்து முதன்முதல் இங்கே வந்தது ஒரு டிசம்பர் மாதம். மார்கழியில் விடியப்புறம் சங்கும் சேமக்கலமும் திருவெம்பாவையும் கேட்டு எழும்பிப் பழகினவ. வந்த மறுநாள் ஐந்து மணிக்கே எழும்பி, குளிச்சு, திருநீறு பூசி, ஜன்னலடியில் போய் நின்றா. ஆறு மணி, ஏழு மணி, எட்டு மணி! "பிள்ளை, இஞ்சை சூரியனுக்கு என்ன, சுகமில்லையோ?" எண்டு கேட்டா. வீடு முழுக்கச் சிரிப்பு. ஆனால் நாலு நாள் போக அவவின் முகத்தில் சிரிப்பு இல்லை. பின்னேரம் மூன்றரைக்கே விளக்கேற்றிவிட்டு, ஒன்றும் பேசாமல் இருப்பா.

அவவில் பிழை இல்லை. கணக்கைப் பாருங்கோ. யாழ்ப்பாணத்தில் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுத்தான் கூட. இங்கே ஒஸ்லோப் பக்கத்தில் ஜூன் 21 அளவில் பகல் 18 மணி 50 நிமிடம். டிசம்பர் 21 அளவில் 5 மணி 53 நிமிடம்! வித்தியாசம் 13 மணித்தியாலம். டிசம்பர் நடுப்பகலில் யாழ்ப்பாணத்துச் சூரியன் அடிவானத்திலிருந்து 57 பாகை உயரத்தில் நிற்கும். இங்கே நடுக்கோடை உச்சி வேளையிலும் 53 பாகை அளவுக்குத்தான் ஏறும். அதாவது, எங்கள் ஊரின் பதிந்த சூரியன் இவர்களுடைய உயர்ந்த சூரியனை விட உயரம்! டிசம்பரிலோ இங்கே அது வெறும் 7 பாகை. மரங்களுக்கு மேலே கூட வராது.

பூமி 23 பாகைக்குச் சற்று அதிகமாகச் சரிந்து நின்று சூரியனைச் சுற்றுவதால்தான் இது நடக்கிறது. எங்கள் முன்னோர் இதைக் கண்ணால் பார்த்தே அறிந்தார்கள். சூரியன் வடக்கே போவது உத்தராயணம், தெற்கே போவது தட்சிணாயனம். முன்னதற்கு வாசல் தை முதல் நாள், பின்னதற்கு வாசல் ஆடிப்பிறப்பு. பாரதப்போரில் அம்புப் படுக்கையில் கிடந்த பீஷ்மர் உயிரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்ததும் இந்த உத்தராயணத்துக்குத்தான்.

ஆனால் சூரியன் உண்மையாகத் திரும்புவது டிசம்பர் 21, 22இல். நாங்கள் பொங்குவது ஜனவரி 14, 15இல். மூன்று கிழமைக்கு மேல் ஏன் பிந்தியது? எங்கள் பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்து ஆண்டைக் கணக்கிடுகிறது. அந்த ஆண்டு, பருவகாலங்களின் ஆண்டை விட ஏறக்குறைய 20 நிமிடம் நீளம். 20 நிமிடம் பெரிதில்லை. ஆனால் 70 சொச்சம் வருடத்தில் ஒரு நாள் ஆகிவிடும். சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் தை முதல் நாளும் சூரியன் திரும்பும் நாளும் ஒன்றாக இருந்தன. பிறகு மெல்ல மெல்ல விலகிவிட்டன. இதே காரணத்தால்தான் மார்ச் 20 அளவில் இரவும் பகலும் சமனாக வர, எங்கள் சித்திரைப் புத்தாண்டு ஏப்ரல் 14 அளவில் வருகிறது.

"அப்ப எங்கட பொங்கல் பிழையான நாளோ?" எண்டு கேட்பீர்கள். இல்லை. லோறென்ஸ்கூக்கில் இருந்து பார்த்தால் அது மிகச் சரியான நாள்! டிசம்பர் 21இல் சூரியன் திரும்பியது கண்ணுக்குத் தெரியாது. ஒரு நாளைக்குச் சில செக்கன்கள்தான் கூடும். ஜனவரி 14 வரும்போது பகல் முக்கால் மணித்தியாலம் நீண்டுவிட்டது. வேலையால் வரும்போது வானத்தில் கொஞ்ச வெளிச்சம் மிஞ்சியிருக்கும். முதன்முதலாக நம்பிக்கை வரும் நாள் அது. தை பிறந்தால் வழி பிறக்கும் எண்டு ஊரில் சொன்னோம். இஞ்சைதான் அதைக் கண்டோம்.

இந்த நாட்டவரும் அப்படித்தான். வடக்கே துரும்சோ நகரில் இரண்டு மாதமாய் மறைந்த சூரியன் ஜனவரி 21 அளவில் திரும்பி வரும். அன்று அங்கே சூரிய நாள். இனிப்புப் பணியாரம் சாப்பிட்டுக் கொண்டாடுவார்கள். எங்கள் பொங்கலுக்கு ஒரு கிழமை பின்! எங்கள் பெடியளில் எத்தனையோ பேர் எண்பதுகளில் அந்த வட பகுதி மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்கள். அவர்களுக்கு அந்த இருட்டுத் தெரியும். ரியூக்கான் என்ற ஊர் ஆழமான பள்ளத்தாக்கில் இருப்பதால் அரை வருடம் அங்கே வெயில் விழாது. 2013இல் மலையில் மூன்று பெரிய கண்ணாடிகள் நிறுத்தி, வெயிலைப் பிடித்து ஊர்ச் சதுக்கத்தில் விழுத்தினார்கள். நோர்வேயின் பழைய யூல் பண்டிகையும் குளிர்காலத்து நள்ளிருளில் கொண்டாடப்பட்டதுதான். 10ஆம் நூற்றாண்டில் ஹோக்கோன் அரசன் அதைக் கிறிஸ்மஸ் நாளுக்கு மாற்றினான் என்று பழைய அரச வரலாறு சொல்கிறது.

இனி அம்மாவின் கதைக்கு வருகிறேன். அந்த முறை தைப்பொங்கல் ஒரு வேலை நாளில் வந்தது. "சனிக்கிழமை பொங்குவம் அம்மா" எண்டேன். "சூரியன் சனிக்கிழமை மட்டுமோ வருகுது?" எண்டா. லீவு எடுத்தேன். வீட்டுக்குப் பின்னால் பனியை வழிச்சு, கோலம் போட்டு, காஸ் அடுப்பில் பானை வைத்தோம். கை விறைக்குது. ஒன்பது மணி கழிந்து, காட்டுக்கு மேலாலே ஒரு செம்மஞ்சள் கீற்று வந்தது. பால் பொங்கியது. அம்மா இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டா. வந்த நாள் தொடக்கம் அவ அழுததும் சிரித்ததும் அன்றைக்குத்தான்.

பக்கத்து வீட்டு நோர்வேஜிய மூதாட்டி என்ன புகை என்று பார்க்க வந்தா. விஷயத்தைச் சொன்னேன். ஒரு கோப்பை பொங்கல் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "இனி வெளிச்சத்தை நோக்கிப் போகிறோம்" என்றா. இங்கே எல்லோரும் சொல்லும் சொல்தான். அம்மாவுக்கு மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

சித்திரை வருடப் பிறப்பன்று நாங்கள் பலகாரம் கொண்டு அவ வீட்டுக்குப் போனோம். சுவரில் ஒரு தட்டையான நீண்ட மரத்தடி தொங்கியது. பிரிம்ஸ்தாவ் என்பார்கள்; நோர்வே உழவர்களின் பழைய நாட்காட்டி. ஒரு பக்கம் கோடை, மறுபக்கம் குளிர்காலம். அன்றுதான் அதைத் திருப்பி மாட்டினதாகச் சொன்னா. கோடைப் பக்கம் தொடங்குவது ஏப்ரல் 14! இரண்டு நாட்காட்டிக்கும் உறவு ஒன்றுமில்லை, தற்செயல்தான். ஆனாலும் அம்மாவும் அவவும் அந்தத் தடியைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றது இன்றும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அம்மா இப்போது எங்களோடு இல்லை.

அன்பானவர்களே, ஊரில் சூரியன் தாராளமாய் இருந்ததால் நாங்கள் அதைப் பெரிதாய் நினைக்கவில்லை. பெயரை மறந்து பலகாரத்தை மட்டும் வைத்திருந்தோம். எங்கள் பிள்ளைகள் இருட்டை அறிந்தவர்கள். எங்களை விட அவர்களுக்குத்தான் பொங்கல் விளங்கும். அவர்களுக்கு நாம் மண்டபத்துப் பொங்கலை மட்டும் காட்டினால், அது இன்னொரு சாப்பாடாகவே போய்விடும்.

ஆகவே மூன்று விஷயம் கேட்கிறேன். ஒன்று, தை முதல் நாளை அந்த நாளிலேயே, சூரியன் நிற்கும் நேரத்தில், வெளியில் பொங்குங்கள். சமய விழாவுக்காக வருடத்தில் இரண்டு நாள் விடுப்பு எடுக்கும் உரிமை இந்த நாட்டுச் சட்டத்தில் எங்களுக்கு உண்டு. 14 நாள் முன்கூட்டி அறிவிக்க வேண்டும். அந்த நேரத்தைப் பிறகு வேலை செய்து ஈடு செய்யச் சொல்லலாம், அவ்வளவுதான். முடியாதவர்கள் மதியத்தில் லாங்வான் ஏரிக்கரைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்ச் சூரியனைக் காட்டியாவது வாருங்கள். இரண்டு, ஜூன் 23 இரவு சங்க்ட் ஹான்ஸ் தீ மூட்டும்போது அயலவரோடு போய் நில்லுங்கள். இவர்களும் சூரியன் திரும்புவதைத்தான் கொண்டாடுகிறார்கள். மூன்று, ஜூலை நடுவில் ஆடிப்பிறப்பு. நோர்வேஜியர் விடுமுறையில் போய் ஊர் அடங்கிக் கிடக்கும் நேரம். பனங்கட்டி போட்டு ஆடிக்கூழ் காய்ச்சுங்கள், கொழுக்கட்டை அவியுங்கள். நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டைச் சொல்லிக் கொடுங்கள். பகல் குறையத் தொடங்கிவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சனிக்கிழமை ஒன்றுகூடலை விடச் சொல்லவில்லை. நாங்கள் ஒருவரையொருவர் காண்பதற்கு இது வேணும். ஆனால் இது எங்களுக்காக. அந்த ஒரு காலை சூரியனுக்காக.

மகனே, உன் கேள்விக்கு இதுதான் பதில். அடுத்த தையில் நாங்கள் வெளியில் பொங்குவோம். கையுறை போட்டுக்கொண்டு வா.