தொலைக்காட்சியில் விற்கும் நகை: தரமும் மதிப்பும்



நம் தோட்டப்புறக் குடும்பங்களில் பொன்தான் சேமிப்பு. பிள்ளையின் பள்ளிச் செலவுக்கும், மருத்துவச் செலவுக்கும், அடைமழையால் மரம் வெட்ட இயலாத நாள்களுக்கும் கைகொடுப்பது ஒரு சங்கிலியோ ஒரு சோடி வளையலோதான். பட்டணத்து அடகுக்கடையில் அதை வைத்துப் பணம் பெற்று, நிலைமை சீரானதும் மீட்டுக்கொள்கிறோம். இத்தகைய பொருளைக் கடைக்குப் போகாமலே தொலைக்காட்சியிலும் கைப்பேசி நேரலையிலும் பார்த்து வாங்கும் வழக்கம் இப்போது நம்மிடையே பரவியுள்ளது. அவ்வாறு விற்கப்படும் நகையின் தரத்தை எங்ஙனம் கணிப்பது என்பதையே இன்று ஆராய்வோம்.

திரையில் தெரியும் உருவத்தை முதலில் மறந்துவிட வேண்டும். படக்கருவி சுண்டுவிரல் மோதிரத்தையும் திரை முழுதும் நிறைந்து நிற்கச் செய்யும். பலமான விளக்கொளியில் கண்ணாடியும் வைரம்போல் மின்னும். நமக்கு வேண்டியவை மூன்று செய்திகள்: கல் நீங்கிய பொன்னின் எடை எத்தனை கிராம், அதன் மாற்று என்ன, செய்கூலி எவ்வளவு. இவற்றைச் சொல்லாமல் ‘இன்னும் 10 நிமிடமே உள்ளது’ என்று அவசரப்படுத்தும் விற்பனையில் நாம் பணம் கட்டலாகாது.

மாற்று என்பதைப் பால்மரம் வெட்டுவோருக்கு விளக்குவது எளிது. மரத்திலிருந்து இறக்கும் 100 கிலோ பாலில் ஏறத்தாழ 30 முதல் 40 கிலோ வரையே உலர்ந்த ரப்பர். எஞ்சியதில் பெரும்பகுதி நீர். ஆகவேதான் பாலின் எடையோடு உலர் ரப்பரின் அளவையும் பார்த்து விலை கட்டுகிறார்கள். பொன்னும் அப்படியே. கலப்பற்ற பொன் 24 காரட். அதில் 22 பங்கு பொன்னும் 2 பங்கு செம்பு, வெள்ளி முதலியனவும் சேர்ந்தது 22 காரட். 1000 பங்கில் 916 பங்கு பொன் என்பதால் அதில் 916 என்னும் முத்திரை இடப்படுகிறது. 18 காரட்டுக்கு 750, 9 காரட்டுக்கு 375. வெறும் 925 என்றிருந்தால் அது பொன்னே அன்று. வெள்ளி நகையின் முத்திரை அது. 916க்கும் 925க்கும் வேறுபாடு அறியாமல், பெரிய எண்ணே உயர்ந்தது என்று கருதுவோர் உளர்.

ஒரு கணக்குப் பார்ப்போம். கலப்பற்ற பொன் கிராம் 500 வெள்ளி என்று கணக்கிற்காக வைத்துக்கொள்வோம். ஒரு பவுன், அதாவது 8 கிராம், 22 காரட் சங்கிலியில் உள்ள பொன் 7.33 கிராம், மதிப்பு ஏறத்தாழ 3,665 வெள்ளி. அதே எடையுள்ள 9 காரட் சங்கிலியில் உள்ள பொன் 3 கிராம். மதிப்பு 1,500 வெள்ளி. இந்த இரண்டாவது சங்கிலியை ‘5,000 வெள்ளி நகை, இன்று மட்டும் 2,900 வெள்ளி’ என்று திரையில் காட்டினால், 2,100 வெள்ளி மிச்சம் என்று மனம் மகிழ்கிறது. அந்த 5,000 வெள்ளியோ விற்பவரே சொல்லிக்கொண்ட விலை. அடகுக்கடைக்காரர் எடையையும் மாற்றையும் பார்த்தே பணம் தருவார்; செய்கூலிக்கும் கல்லுக்கும் பொதுவாக ஒன்றும் தருவதில்லை. அவசரத்துக்கு அதை எடுத்துக்கொண்டு போகும் தாய், 1,500 வெள்ளிக்கும் குறைவாகவே பெற்றுத் திரும்புவார்.

முலாம் பூசிய நகையின் நிலை இதனினும் கீழானது. ‘1 மைக்ரான் அசல் தங்கம்’ என்பார்கள். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் 1000இல் ஒரு பங்கு. 30 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள வளையலில் அந்தக் கனத்திற்குப் பூசிய பொன் 0.06 கிராம்கூட இராது. மேற்சொன்ன விலைப்படி அது 30 வெள்ளிக்கும் குறைவு. திருவிழாவுக்கு அணிய அழகான கவரிங் நகை வாங்குவதில் தவறில்லை. கவரிங் நகையின் விலைக்கு வாங்கவேண்டும், அவ்வளவே. ‘கொரியா தங்கம்’, ‘பாங்காக் தங்கம்’ என்னும் பெயர்களில் விற்பனவும் இவ்வகையே. அவற்றிலும் 916 என்று பொறிப்பவர் உண்டு என்பதால் முத்திரையை மட்டும் நம்பவியலாது.

கல்லைப் பொறுத்தவரை, காரட் என்னும் சொல் அங்கே எடையைக் குறிக்கும்; 5 காரட் சேர்ந்தால் 1 கிராம். சிர்கோனியாக் கல் அதே அளவுள்ள வைரத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனமானது. ஆதலால் அதற்குக் காரட் கணக்குச் சொல்வது மதிப்பைக் காட்டாது. மாணிக்கத்தைச் செயற்கையாக ஆக்கும் முறையைப் பிரெஞ்சு அறிஞர் வெர்னாய் 1902இல் வெளியிட்டார். அன்று தொட்டு மலிவான சிவப்புக் கற்கள் ஏராளமாக விளைகின்றன. ‘மாணிக்கம்’ என்று சொல்லும் விற்பனையாளரிடம் இயற்கையா, செயற்கையா என்று கேட்டு, விடையை எழுத்தில் பெறுவது நலம்.

பொருள் வந்ததும் காந்தத்தால் சோதிப்பது நம்மவர் வழக்கம். காந்தம் இழுத்தால் ஐயப்படலாம். கொக்கியினுள் எஃகுச் சுருள் இருந்தாலும் இழுக்கும். ஆனால் செம்பு, பித்தளை, வெள்ளி ஆகியவற்றையும் காந்தம் இழுப்பதில்லை. எனவே இழுக்காதது பொன் என்பதற்குச் சான்றாகாது. நம்பகமான நகைக்கடையில் எடை போட்டு, உரைகல்லில் உரைத்துப் பார்க்கச் செய்ய வேண்டும். கதிர்க்கருவி பெரும்பாலும் மேற்பரப்பையே காணும். கனத்த முலாம் அதனையும் ஏய்க்கக்கூடும். திருப்பியனுப்ப எத்தனை நாள் தவணை என்பதை வாங்குமுன்பே கேட்டறிந்து, அதற்குள் இச்சோதனையை முடித்துவிட வேண்டும்.

சொன்ன எடையும் மாற்றும் இல்லையென்று தெரிந்தால் வாளாவிருக்க வேண்டியதில்லை. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரையில் இழப்பீடு கோரலாம். மனுவுக்குக் கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. அங்கே காட்டுவதற்கு இரசீது, பணம் கட்டிய சான்று, விளம்பரத்தில் சொன்ன எடையும் மாற்றும் தெரியும் படம் ஆகியவை வேண்டும். ஆகையால் பொட்டலத்தைப் பிரித்த கையோடு, அதன்மேல் ஒட்டியிருக்கும் விற்பனையாளரின் விலாசச் சீட்டைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். இரசீதோடு சேர்த்து வையுங்கள்.