இலவச மென்பொருள் கேட்குமுன் சங்கத்தின் கடதாசிகளைச் சரிசெய்வோம்

(தோட்டச் சங்க நிருவாகிகளின் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டுக் களைப்போடு வந்திருக்கிறீர்கள். சுற்றி வளைக்காமல் விசயத்துக்கு வருகிறேன்.

நம்ம தோட்டங்களில் மரண உதவிச் சங்கம், மாதர் சங்கம், இளைஞர் கழகம், வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கம் என்று பல இருக்கின்றன. அநேகமாக எல்லாவற்றுக்கும் கணக்கு கொப்பியில்தான். லயத்துக் கூரை ஒழுகினால் எழுத்து அழிந்துவிடும். செயலாளர் மாறினால் கொப்பி எங்கே என்று தேட வேண்டும். பத்து வருசம் சந்தா கட்டின வீட்டில் ஒரு சாவு விழுந்து, அந்த நேரத்தில் “உங்க பேரு பதிவில் இல்லையே” என்று சொல்ல வேண்டி வந்தால், அதைவிட வேதனை உண்டா? அதனால்தான் கணக்கைக் கணனியில் ஏற்றுவது பற்றிப் பேசுகிறேன்.

“கணனி வாங்கலாம், மென்பொருளுக்குக் காசு எங்கே?” என்று கேட்பீர்கள். இலாப நோக்கமில்லாத அமைப்புகளுக்குப் பெரிய கம்பனிகள் சில திட்டங்களை இலவசமாகத் தருகின்றன. கூகுள் கம்பனி மின்னஞ்சல், கோப்புச் சேமிப்பு, கணக்குத் தாள் எல்லாம் சேர்ந்த திட்டத்தைத் தருகிறது. மைக்ரோசொப்ட் ‘பிஸ்னஸ் பேசிக்’ என்ற திட்டத்தை 300 பேர் வரைக்கும் தருகிறது. நோட்டீசு, அழைப்பிதழ் செய்யும் கன்வா, காசு கட்டிப் பாவிக்கும் வசதிகளை ஒரு அமைப்பில் 50 பேருக்கு இலவசமாகத் திறந்துவிடுகிறது. இவற்றுக்கு விண்ணப்பிக்கக் கட்டணமில்லை. “நான் எடுத்துத் தருகிறேன், இவ்வளவு கொடு” என்று யாராவது வந்தால் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்த இலவசம் ஆளுக்கு அல்ல, அமைப்புக்கு. அதைத்தான் நீங்கள் மனதில் வைக்க வேண்டும். விண்ணப்பம் போட்டதும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “உங்கள் சங்கம் உண்மையில் இருக்கிறது என்பதற்கு என்ன அத்தாட்சி?” என்பதுதான். நம்ம சங்கங்கள் தடுக்கி விழுவது கணனியில் இல்லை, இந்தக் கடதாசியில்தான்.

ஆகவே முதலாவது, பதிவு. நம் நாட்டில் தன்னார்வ சமூக சேவை அமைப்புகளைப் பதிவதற்கு 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பிரதேச செயலகத்தில் பதிந்த சிறு சங்கங்களும் உண்டு. எந்தப் பதிவை ஏற்பார்கள் என்பது கம்பனிக்குக் கம்பனி வேறுபடும். விண்ணப்பிக்குமுன் அவர்களுடைய விதியை வாசித்துப் பாருங்கள். சிறு சங்கத்தின் பதிவு போதவில்லை என்றால் மனம் தளர வேண்டாம். பதிவுள்ள ஒரு பெரிய அமைப்போடு சேர்ந்து கேட்கலாம்.

இரண்டாவது, பெயர். சான்றிதழில் ஒரு பெயர், வங்கிப் புத்தகத்தில் இன்னொரு பெயர், ரப்பர் முத்திரையில் வேறொரு பெயர் என்று இருந்தால் விண்ணப்பம் திரும்பி வரும். எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். சான்றிதழ் தமிழிலோ சிங்களத்திலோ இருந்து ஆங்கிலப் பிரதி கேட்டால், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் செய்வித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, நீங்கள் யார் என்பதில் தெளிவு. மைக்ரோசொப்டின் விதியில் தொழிற்சங்கத்துக்கும் அரசியல் அமைப்புக்கும் இடமில்லை. ஆகவே தோட்டக் கமிட்டியின் பெயரில் போடாதீர்கள். மாதர் சங்கம் மாதர் சங்கமாகவே கேட்கட்டும். பாடசாலையும் இதில் சேராது. ஆசிரியர்மார்களுக்கும் பாடசாலைகளுக்கும் கூகுளும் கன்வாவும் தனித் திட்டம் வைத்திருக்கின்றன.

நான்காவது, கணக்கு யார் கையில்? படித்த தம்பி ஒருவர் தன்னுடைய மின்னஞ்சலில், தன்னுடைய போன் நம்பரில் எல்லாவற்றையும் திறந்து கொடுப்பார். நல்ல மனசுதான். நாளைக்கு அவர் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ வேலைக்குப் போனால் சங்கத்தின் கணக்கும் அவரோடு போய்விடும். சங்கத்துக்கென்று தனி மின்னஞ்சல் வேண்டும். குறைந்தது இரண்டு பேருக்கு நிருவாக அதிகாரம் வேண்டும். யாருக்கு அந்த அதிகாரம் என்பதைக் கூட்டக் குறிப்பில் எழுதி ஒப்பமிடுங்கள். நிருவாகம் மாறும் நாளில் சாவியும் முத்திரையும் ஒப்படைப்பதுபோல இதையும் ஒப்படையுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இலவசம் என்றைக்கும் இலவசமாகவே இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். மைக்ரோசொப்ட் முன்பு ‘பிஸ்னஸ் பிரீமியம்’ என்ற பெரிய திட்டத்தை 10 பேர் வரைக்கும் இலவசமாகக் கொடுத்தது. 2025 ஜூலையிலிருந்து அதை நிறுத்திக்கொண்டு, சலுகை விலைக்கு மாற்றியது. கூகுள் திட்டத்துக்கும் சங்கத்தின் பெயரில் ஒரு இணைய முகவரி வேண்டும். அதற்கு வருசா வருசம் காசு கட்ட வேண்டும். அதனால் சந்தாக் கணக்கை மாதம் ஒரு தடவை அச்செடுத்து கோப்பில் போட்டு வையுங்கள். கொப்பியையும் உடனே தூக்கி எறிய வேண்டாம்.

பதிவு கிடைக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் தேவையில்லை. லிப்ரே ஒபிஸ் என்றொரு மென்பொருள் 2010இலிருந்து இருக்கிறது. அதற்கு விண்ணப்பமும் இல்லை, காசும் இல்லை; யாரும் எடுத்துப் பாவிக்கலாம். ஒருமுறை ஏற்றிவிட்டால் இணையம் இல்லாமலே வேலை செய்யும். நம்ம மலையில் சிக்னல் வந்து வந்து போகிற இடத்தில் இது பெரிய உதவி. தமிழிலும் எழுதலாம். டவுன் கடையில் களவாகப் போட்டுத் தரும் மென்பொருளோடு வைரசும் சேர்ந்து வரும். அதைவிட இது எவ்வளவோ மேல்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு சங்கமும் பதிவுச் சான்றிதழ், யாப்பு, வங்கிப் புத்தகம், கடைசிக் கூட்டக் குறிப்பு ஆகிய நான்கையும் ஒரே உறையில் போட்டுக் கொண்டு வாருங்கள். பெயர்களை உட்கார்ந்து ஒத்துப் பார்ப்போம். எது குறையோ அதை முதலில் சரிசெய்வோம். விண்ணப்பம் நிரப்ப நம்ம பிள்ளைகளுக்கு அரை மணித்தியாலம் போதும். உறைக்குள் இருக்க வேண்டியதைத் தேடித் தருவது பெரியவர்களாகிய நம்ம வேலை.