தரக்குறைவு: மேற்கு மலைப் பளியரிடம் ஒரு சொல்



சங்கரன்கோவிலிலிருந்து மேற்கே நோக்கினால் வானத்தின் அடியில் நீலக் கோடாகத் தெரிவது மேற்குத் தொடர்ச்சி மலை. புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி ஆகிய ஊர்கள் அம்மலையின் அடியில் அமைந்தவை. வடக்கே பழனி மலையிலிருந்து வருசநாடு, திருவில்லிபுத்தூர் வழியாக இப்பகுதி வரை மலைச்சரிவுகளில் வாழும் தொல்குடியினர் பளியர். இன்று அவர்கள் சில ஆயிரவரே. வள்ளிக்கிழங்கு அகழ்வதும் தேன் எடுப்பதும் காட்டுப் பொருள்களைத் திரட்டுவதும் அவர்தம் பழந்தொழில். சமவெளி மக்கள் அவர்களிடம் வாங்கியது பெரும்பாலும் தேன்தான். அவர்களிடம் கற்றுக்கொள்ளவும் ஏதேனும் உண்டோ என்று கேட்டவர் மிகச் சிலர்.

அப்படிக் கேட்டவர்களுள் ஒருவர் அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர். 1962 முதல் 1964 வரை அவர் பளியரிடையே தங்கி ஆய்ந்தார், பின்னரும் வந்தார். 2000ஆம் ஆண்டில் அவர்களைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். அவர் பதிவு செய்தவற்றுள் தலையாயது ஒரு தமிழ்ச் சொல்: தரக்குறைவு. ஒருவரை மற்றொருவர் தாழ்த்துவது, அவருடைய நிலையைக் குறைப்பது, அவர் விரும்பாத ஒன்றை அவர்மேல் சுமத்துவது ஆகிய யாவும் பளியர் வழக்கில் தரக்குறைவு. முதியவர் இளையவரிடத்தும், கணவன் மனைவியிடத்தும், பெற்றோர் பிள்ளையிடத்தும் இதைத் தவிர்க்க வேண்டும். மதிப்பு என்பது கீழிருந்து மேலே செல்லும் வரியன்று. எல்லாத் திசைகளிலும் ஒரே அளவாகச் செல்வது. ஆணையிடும் தலைவர் என்று அவர்களிடையே எவரும் இல்லாமைக்கும் இதுவே காரணம்.

சினம் எழுந்தால் என்ன செய்வது? சினந்தவர் எழுந்து அப்பால் சென்றுவிடுவார். வேண்டுமாயின் வேறொரு குழுவோடு சில காலம் தங்குவார். அங்கே அவரை எவரும் கோழை என்று சொல்வதில்லை. அருகிலிருப்போருள் ஒருவர் நகைச்சுவையாலோ இன்சொல்லாலோ இருவரையும் அமைதிப்படுத்துவதும் உண்டு. சினம் தணிய நெற்றியில் அரைத்துப் பூசும் ஒரு பூவும் அவர்களிடம் உண்டு. அதன் பெயர் சிரிப்பாணிப் பூ. பாண்டி நாட்டில் சிரிப்பாணி என்றால் என்ன என்பதை இந்த அவைக்கு விளக்க வேண்டியதில்லை. பூவின் மருத்துவ ஆற்றல் எவ்வாறாயினும், நெற்றியில் பூவை அப்பிக்கொண்டு ஒருவர் எவ்வளவு நேரம் வைதுகொண்டிருக்க முடியும்!

இவ்விடத்தில் ஒன்றை மறைக்கலாகாது. பளியர் வேட்டையாடுவர், தேன் கொள்வர், மண்ணைத் தோண்டிக் கிழங்கெடுப்பர். இம்மூன்றும் சமண இல்லங்கள் விலக்கியவை. பளியரிடையே கைகலப்பே இல்லையென்று கார்ட்னரும் எழுதவில்லை. குடும்பத்துக்குள் நேரும் சிறு அடிகளையும் அவர் குறித்திருக்கிறார். ஆகவே அவர்களை அகிம்சையின் சிலைகளாக ஆக்கிப் போற்றுவது பொருந்தாது. ஆயினும் மனம், மொழி, மெய் என்னும் மூவகையாலும் ஊறு செய்யாமையே அகிம்சை என்று அறநூல்கள் கூறுகின்றன. மெய்யால் செய்யும் ஊறுக்கு வடிகட்டிய நீர், சூரியன் மறையுமுன் உணவு என நுட்பமான காவல்கள் சமணக் குடும்பங்களில் உள்ளன. மொழியால் செய்யும் ஊறுக்கு அத்தனை நுட்பமான அன்றாடக் காவல் இன்று எத்தனை வீடுகளில் உண்டு? எறும்புக்கு இரங்கும் வீட்டில் மருமகளும் கடைப் பையனும் நாள்தோறும் கேட்கும் சொற்கள் யாவை? பளியரை நினைக்கும்போது இக்கேள்வியைத் தவிர்க்க இயலாது.

தமிழ்ச் சமண மரபுக்கு இது புதிய கேள்வியன்று. சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள், கிழங்கு அகழ்ந்த குழிகளைப் பூக்கள் மூடியிருக்கும், வயல் வழியில் நண்டும் நத்தையும் மிதிபடும் என்று கோவலனையும் கண்ணகியையும் எச்சரிக்கிறார். காலடிக்கு அத்தனை கவனம். அவர்களே பின்னர், கண்ணகியையும் கோவலனையும் இழித்துப் பேசிய இருவரை நரிகளாகுமாறு சபிக்கிறார். இழிசொல்லுக்குச் சாபம் விடையாகிறது. அப்போது இரங்கி வேண்டியவர்கள் இழிக்கப்பட்ட இருவருமே. அவர்கள் வேண்டியதால்தான் சாபம் பன்னிரண்டு மாதங்களாகக் குறைந்தது. துறவியினும் அவ்விடத்தில் இல்லறத்தார் உயர்ந்து நிற்கின்றனர் என்று சொன்னால் இளங்கோவடிகள் மறுக்கமாட்டார்.

தொல்குடிகளிடம் கற்பது என்றால் மருந்தைக் கற்பது என்றே உலகம் பொருள்கொள்கிறது. அகத்தியர் மலைக் காணிக்காரர் 1987இல் ஆய்வாளர்களுக்குக் காட்டிய ஆரோக்கியப் பச்சையிலிருந்து ஜீவனி என்னும் மருந்து பிறந்தது; வருவாயில் ஒரு பங்கைக் காணிக்காரருக்கு வழங்க 1997இல் அறக்கட்டளையும் அமைந்தது. நல்ல செயலே. ஆனால் தரக்குறைவைத் தவிர்க்கும் பழக்கத்தைப் புட்டியில் அடைக்க இயலாது.

அப்பழக்கம் இன்று இடருற்றிருக்கிறது. விலகிச் செல்லக் காடு இருந்தவரையில் விலகுதல் எளிது. இப்போது பளியர் பலர் அரசு கட்டித்தந்த வரிசை வீடுகளில் வாழ்கின்றனர். வன உரிமைச் சட்டம் 2006இல் இயற்றப்பட்டது. திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம் 2021இல் அறிவிக்கப்பட்டது. ஒன்று உரிமையை ஏற்கிறது, மற்றொன்று காட்டுக்கு எல்லை வகுக்கிறது. சுவரை அடுத்துச் சுவர் எழுந்த பின், சினந்தவர் எங்கே செல்வார்? அடுக்குமாடிகளிலும் கூட்டு வணிகங்களிலும் வாழும் குடும்பங்கள் இதே கேள்வியை நெடுநாளாக அறிந்தவை. அங்கே பெரும்பாலும் வழக்குமன்றமே விடையாகிறது.

சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே கழுகுமலை உள்ளது. கி.பி. 8, 9ஆம் நூற்றாண்டுகளில் அது சமணப் பெருங்கல்விக் களம். அங்குள்ள வட்டெழுத்துகளில் குரவர், குரத்தியர், மாணாக்கர், சிலை செய்வித்த குயவர், தச்சர் ஆகியோரின் பெயர்கள் உள்ளன. பெண்பாலர் ஆசிரியராக இருந்ததை அக்கற்கள் சொல்கின்றன. வீட்டுக்குள் அம்மக்கள் ஒருவரோடொருவர் எவ்வாறு பேசினர், பிணக்கை எவ்வாறு தீர்த்தனர் என்பது எந்தக் கல்லிலும் இல்லை. பளியருக்கு அதனை எழுதிவைக்க ஒருவர் உரிய காலத்தில் வந்தார்.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுச் சமணர் அனைவரும் சேர்ந்து 89,265 பேர். அவர்களுள் தமிழ்ச் சமணர் ஒரு பகுதியினரே. அவர்களின் வீட்டு வழக்குகள் பல இன்னும் முதியோரின் நாவில் மட்டும் உள்ளன. உறவுப் பெயர்களையும், பங்காளிப் பிணக்குகளைத் தீர்த்த முறைகளையும், மன்னிப்பு வேண்டும் நாளில் யார் யாரிடம் முதலில் செல்வது என்னும் வழக்கத்தையும் விழாவுக்கு வந்திருக்கும் இளைஞர் தத்தம் பாட்டியரிடம் கேட்டு எழுதத் தொடங்கலாம். ஒரு குறிப்பேடும் சில மாலைப் பொழுதுகளும் போதும்.