எடுக்கும் நாளைப் போடும் நாளிலேயே பேசுவோம்



கால் எலும்பை நீட்டும் சிகிச்சை பற்றிய இந்தக் கருத்தரங்கின் நிகழ்ச்சி நிரலை நேற்று முழுமையாகப் படித்துப் பார்த்தேன். எலும்பை எந்த மட்டத்தில் வெட்டுவது, எத்தனையாவது நாளில் நீட்டத் தொடங்குவது, முழங்கால் இறுகாமல் எப்படிக் காப்பது என்று நல்ல கட்டுரைகள் நிறைய வந்திருக்கின்றன. நீட்டி முடித்து, எலும்பு கூடி, நோயாளி ஊன்றுகோலை ஓரமாக வைத்துவிட்டு வீட்டுக்குப் போன பிறகு காலுக்குள் இருக்கும் ஆணியை என்ன செய்வது என்பதற்கு மட்டும் ஓர் அமர்வும் இல்லை. தலைமை உரைக்கு எனக்குத் தந்த நேரத்தை அதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

இலிசரோவ் காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. சைபீரியாவின் குர்கான் நகரில் அவர் வகுத்த முறையில் எல்லாம் வெளியே இருந்தது: வளையங்கள், கம்பிகள், நாளொன்றுக்கு 1 மில்லிமீட்டரை நான்கு தவணையாகப் பிரித்துத் திருகும் மரைகள். எலும்பு உறுதியானதும் வளையத்தைக் கழற்றினால் உடலில் உலோகம் எதுவும் மிஞ்சாது. ஆனால் அந்த வளையத்தோடு மாதக்கணக்கில் படுத்து எழுந்தவர்கள் பட்ட பாட்டை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கம்பி நுழையும் இடமெல்லாம் புண், சீழ், தூக்கமில்லாத இரவுகள். வளையம் இருக்கும் காலத்தைக் குறைக்கத்தான், எலும்புக் குழலுக்குள் ஆணியைச் செலுத்தி அதன்மேல் நீட்டும் முறை வந்தது. தொடை எலும்பில் அதைச் செய்த பேலியின் கட்டுரை 1997இல் வெளியானது. வளையமே வேண்டாம், ஆணியே நீளட்டும் என்ற முயற்சி இன்னொரு பக்கம் நடந்தது. சிம்ஃபெரோபோலில் பிளிஸ்குனோவ் 1983இல் தொடங்கிவைத்ததை, மூனிச்சில் பாம்கார்ட் மின்மோட்டார் வைத்த ஃபிட்போன் ஆணியாக வளர்த்தார். 2011இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிரிசைஸ் ஆணியை வெளியிலிருந்து காந்தத்தால் சுழற்றினோம். புண் போயிற்று. உள்ளே ஓர் உலோகம் தங்கியது.

என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். இந்த இரண்டு வகை ஆணிகளையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது.

வளையத்தோடு சேர்த்துப் போடுவது சாதாரண எலும்பு முறிவு ஆணி. ஒரே உலோகத்தால் ஆனது, உள்ளே அசையும் உறுப்பு எதுவும் கிடையாது. தொடை எலும்பு முறிந்து அதே ஆணியைப் போட்டுக்கொண்ட பெரியவர்கள் ஆயுள் முழுக்க அதோடு வாழ்கிறார்கள். தொந்தரவு எதுவும் இல்லாதவரைக் கூப்பிட்டு, வழக்கம் என்ற ஒரே காரணத்துக்காக இன்னொரு மயக்க மருந்தும் இன்னொரு வெட்டும் கொடுப்பதை நான் ஏற்பதில்லை. காரணம் இருந்தால் எடுக்க வேண்டும். ஸ்க்ரூவின் தலை தோலுக்கடியில் உறுத்தலாம். ஆணியின் மேல்முனை இடுப்புத் தசையில் குத்தலாம். நோயாளி சிறு வயதினராக இருந்து அதே எலும்பை மறுபடி நீட்ட வேண்டியிருக்கலாம். கிருமித் தொற்று இவற்றுக்கெல்லாம் மேலானது. இந்த முறையில் வெளிக்கம்பியும் உள் ஆணியும் ஒரே எலும்பில் அருகருகே இருக்கின்றன. கம்பிப் புண்ணின் கிருமி குழலுக்குள் இறங்க வழி உண்டு. மாதங்கள் கழித்துச் சீழ் கசிந்தால், மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுத்துக் காலம் கடத்தக் கூடாது. அதே சமயம், முன்காலில் ஆணி போட்டவர்களுக்கு வரும் முழங்கால் வலி, ஆணியை எடுத்தால் தீர்ந்துவிடும் என்று யாரும் வாக்குக் கொடுக்காதீர்கள். சிலருக்குத் தீரும், சிலருக்குத் தீராது. அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

தானே நீளும் ஆணி வேறு சங்கதி. அதற்குள் காந்தமும் பற்சக்கரமும் மரைத்தண்டும் இருக்கின்றன. ஒன்றுக்குள் ஒன்று நழுவும் இரு குழாய்களுக்கு நடுவே இடைவெளி இருக்கிறது. அது ஓர் எந்திரம். வேலை முடிந்த எந்திரத்தை உடலுக்குள் விட்டுவைக்கக் கூடாது என்பதே என் நிலைப்பாடு. பிரிசைஸ் ஆணியை ஓராண்டுக்கு மேல் உள்ளே வைக்க வேண்டாம் என்று தயாரித்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். நோயாளிக்குப் பிற்காலத்தில் எம்.ஆர்.ஐ. தேவைப்படும்போது அந்தக் காந்தம் குறுக்கே நிற்கும். ஆனாலும் வீட்டார் கேட்பார்கள்: “வலியே இல்லையே டாக்டர், எதுக்கு இன்னொரு ஆபரேஷன்?” நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் ஸ்ட்ரைட் ஆணியின் வரலாற்றில் இருக்கிறது.

நீட்டும் காலத்திலேயே கூடுதல் எடை தாங்க வேண்டும் என்று டைட்டானியத்துக்குப் பதிலாக எஃகில் செய்த ஆணி அது. 2018இல் சந்தைக்கு வந்தபோது நம் துறையே மகிழ்ந்தது. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் உள்ளிட்ட ஐரோப்பிய மையங்களில், ஆணியின் இணைப்பு இருக்கும் மட்டத்தில் எலும்பு கரைவதையும் மேலுறை தடிப்பதையும் எக்ஸ்ரேயில் கவனித்தார்கள். வலி சொன்னவர்களிடம் மட்டுமல்ல, எந்தக் குறையும் சொல்லாதவர்களிடமும் அந்த மாற்றம் தெரிந்தது. எடுத்த ஆணிகளைச் சோதித்துப் பார்த்ததில் இணைப்பில் அரிப்பு இருந்தது. 2021இல் அந்த ஆணி உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. நோயாளிகளைத் தொடர்ந்து எக்ஸ்ரே எடுத்தார்கள், ஆணியை எடுத்தார்கள், எடுத்ததைக் குப்பையில் போடாமல் ஆராய்ந்தார்கள். அதனால்தான் இது வெளியே வந்தது. உலோகத்தின் நிலையை வலியை வைத்து அளக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

எப்போது எடுப்பது என்பதில் அவசரமும் ஆகாது. எடையூன்ற அனுமதிப்பதற்கு, இரு கோண எக்ஸ்ரேயில் நான்கு புறத்தில் மூன்று புறம் கூடியிருந்தால் போதும் என்கிறோம். எடுப்பதற்கு அது போதாது. நான்கு புறமும் தடித்து, புது எலும்பு பழைய எலும்போடு ஒன்றாகத் தெரிய வேண்டும். நீட்டிய அளவு அதிகமென்றால் ஓராண்டு என்ற கணக்கும் தள்ளிப்போகும். அப்போது எலும்பின் பேச்சைத்தான் கேட்க வேண்டும். ஆணி வந்த பிறகு காலியான குழலும் ஸ்க்ரூ இருந்த துளைகளும் எலும்பைச் சில வாரங்களுக்குப் பலவீனமாக்கும். அன்றே ஓடியாட விட்டால் முறியும். அறுவையின்போது, இழுக்கும் கருவியை ஆணியில் மாட்டிய பிறகே கடைசி ஸ்க்ரூவைக் கழற்றுங்கள். இல்லையென்றால் ஆணி குழலுக்குள் சுழன்றுகொண்டே இருக்கும்.

நம் ஊர் நிலைமையில் என்னை அதிகம் உறுத்துவது பணம். போலியோவால் கால் குட்டையானவர், சாலை விபத்தில் எலும்பு இழந்தவர், உயரம் வேண்டி வரும் இளைஞர் என்று எல்லோரும் முதல் அறுவைக்கே கடன் வாங்கி வருகிறார்கள். மதிப்பீட்டுத் தாளில் இரண்டாவது அறுவையின் செலவு இருப்பதே இல்லை. வலி நின்றதும் அவர் வேலைக்குப் போய்விடுகிறார், திரும்பி வருவதில்லை. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எடுக்க வேண்டிய ஆணியைப் போடுகிறோம் என்றால், எடுக்கும் செலவையும் சேர்த்துத்தான் முதல் நாளே தொகை சொல்ல வேண்டும். ஒப்புதல் படிவத்தில் அது அவருக்குப் புரியும் தமிழில் இருக்க வேண்டும். அந்தச் செலவைத் தாங்க முடியாதவருக்கு வளையம் இன்றும் நல்ல சிகிச்சைதான். அதை இரண்டாந்தரமாகப் பேசும் வழக்கம் நம்மிடையே வளர்வது எனக்கு வருத்தம் தருகிறது.

வெளியூரிலோ வெளிநாட்டிலோ ஆணி போட்டுக்கொண்டு, தாள் ஒன்றும் இல்லாமல் நம் முன் வந்து உட்காருபவர்களும் உண்டு. எந்த நிறுவனத்து ஆணி, என்ன விட்டம் என்று தெரியாமல் சரியான கருவியை வரவழைக்க முடியாது. ஆணியின் பெயர், அளவு, வரிசை எண், போட்ட தேதி, எடுக்க வேண்டிய காலம், காந்தம் உண்டா என்ற விவரம் ஆகியவை கொண்ட ஓர் அட்டை ஒவ்வொரு நோயாளியின் கையிலும் இருக்க வேண்டும். அதன் மாதிரி வரைவை உங்கள் கோப்புகளில் வைத்திருக்கிறோம். எடுத்த ஆணிகளைச் சேர்த்து வைத்து ஆராய்வதற்கான பொதுப் பதிவேடு பற்றிய முன்மொழிவும் அதே கோப்பில் இருக்கிறது. இரண்டையும் படித்து, திருத்தங்களை நாளை மதிய உணவுக்கு முன் எழுதிக் கொடுங்கள். மாலைப் பொதுக்குழுவில் விவாதித்து முடிவெடுப்போம். முதல் அமர்வின் கட்டுரையாளர்கள் மேடைக்கு வரலாம்.