மாமன் சொன்ன சாட்சியம்



காணி வழக்கில்லாத ஊர் நம்மிடையே அரிது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்திலும் சொத்து வழக்கொன்று உண்டு. 'மாமனாக வந்து வழக்குரைத்த படலம்' என்பது அதன் பெயர்.

மதுரை வணிகன் தனபதிக்குப் பிள்ளையில்லை. தங்கை மகனையே தன் மகனாக வளர்த்தான். ஒருநாள் அண்ணனுக்கும் தங்கைக்கும் வாய்த்தர்க்கம். பிள்ளையற்றவன் என்று அவள் இடித்துரைக்க, மனமுடைந்தவன் பொருளனைத்தையும் மருகனுக்கே விட்டு, மனைவியோடு தவத்துக்குப் போனான். திரும்பவில்லை. தாயத்தார் வந்து யாவற்றையும் பறித்துக்கொண்டனர்.

பறித்தவர் கள்வரல்லர், உறவினர் என்பதைக் கவனியுங்கள். சுவீகாரப் பிள்ளையால் தம் பங்கு போகிறதே என்று மனம் புழுங்குவோர் அவர்கள்தாமே! 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் தொகுக்கப்பட்ட தேசவழமை இதனை நன்கறிந்திருந்தது. தத்தெடுப்போர் உரித்தாளிகளின் சம்மதத்துடன் மஞ்சள் நீர் பருகும் வழக்கத்தை அது எழுதி வைத்தது.

தாய் சோமசுந்தரர் சந்நிதியில் அழுதாள். மறுநாள் மன்றிலே இறைவன் தனபதியாக வந்தான். மருகனைத் தழுவினான், நான் செய்து பூட்டிய அணிகலன்கள் எங்கே என்று புலம்பினான். "இவன் தனபதி அல்லன்" என்றனர் தாயத்தார். வந்தவனோ அவர்கள் ஒவ்வொருவரின் குலமும் பெயரும் முன்னோர் வரலாறும் ஒப்புவித்தான். மன்றத்தார் ஏற்றுக்கொண்டனர்.

இதைக் கற்பித்தபோது மாணவனொருவன் எழுந்தான். "சேர், அவர்கள் சொன்னது உண்மைதானே? வந்தவர் தனபதி இல்லையே. இது ஆள்மாறாட்டம் அல்லவா?" வகுப்பு சிரித்தது. இறைவன் திருவிளையாடல் என்று சொல்லி நானும் அடுத்த பாட்டுக்குப் போய்விட்டேன்.

அவன் தந்தை இறந்தபின் வீட்டு வளவு பெரியப்பன் பெயரில் இருந்ததையும், உறுதியிலுள்ள கையொப்பம் கணவனுடையதன்று எனத் தாய் நீதிமன்றுக்கு அலைந்ததையும் பிறகே அறிந்தேன். மோசடியைத் தடுக்கவென 1840இல் வந்த கட்டளைச் சட்டம், காணி உறுதிக்கு நொத்தாரிசும் இரு சாட்சிகளும் வேண்டும் என்கிறது. அந்த உறுதியில் அவை யாவும் ஒழுங்காகவே இருந்தனவாம்.

மதுரையிலும் அந்தத் தாய்க்கு உண்மை தெரியும். ஆயினும் தாயத்தாரின் தலைமுறையெல்லாம் அறிந்த ஒருவர் வந்து பேசும்வரை அவள் சொல் மன்றில் ஏறவில்லை. அவன் கேட்டது ஆள்மாறாட்டத்தைப் பற்றியா, அப்படியொரு மாமனைப் பற்றியா? அடுத்த நாள் அவன் வகுப்புக்கு வரவில்லை. தாயோடு தவணைக்குப் போயிருந்தான்.