மருத்துவச்சிக்கு ஒரு நாற்காலி
(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"இஞ்ஜினியருக்கும் பிரசவத்துக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் ஒரு தொழிலுக்கு யார் விதி எழுதுவது என்கிற கேள்வி நம் எல்லோருக்கும் பொது. இங்கிலாந்து மருத்துவச்சிகள் நூறு வருஷத்துக்கு மேலாக அந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

அங்கே 1902-ல் மருத்துவச்சிகள் சட்டம் வந்தது. பயிற்சி, தேர்வு, பதிவு எல்லாவற்றையும் கவனிக்க ஒரு மத்திய வாரியம் அமைத்தார்கள். வாரியத்தின் பெயரில் மருத்துவச்சி உண்டு. உறுப்பினர்களில் மருத்துவச்சிக்கென்று ஓர் இடம்கூடக் கிடையாது. அவர்களுடைய சங்கம் ஒருவரை நியமிக்கலாம் என்றார்கள். அதிலும் ஒரு கொக்கி: அந்த ஒருவர் டாக்டராகத்தான் இருக்க வேண்டுமாம்!

பிறகு 1979-ல் வந்த சட்டப்படி, செவிலியரையும் மருத்துவச்சிகளையும் ஒரே கவுன்சிலின் கீழ் கொண்டுவந்தார்கள். பெரிய கூட்டத்தில் சின்னக் குரல் அமுங்கிவிடக் கூடாதே என்று, மருத்துவச்சிக் குழு ஒன்றைச் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். 2002-ல் வந்த புதிய கவுன்சிலிலும் அந்தக் குழு தொடர்ந்தது. 2017-ல் அந்தச் சட்டப் பிரிவை எடுத்துவிட்டார்கள்.

2024 கணக்குப்படி அந்தப் பதிவேட்டில் 8 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள். அதில் மருத்துவச்சிகள் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான். "ஆலோசனைக்குத் தனிக்குழு வைத்திருக்கிறோமே" என்றது கவுன்சில். வைத்தது உண்மை. ஆனால் தானே வைத்ததைத் தானே கலைத்துவிடலாம். சட்டத்தில் இருந்தால் பார்லிமெண்டைக் கேட்காமல் கை வைக்க முடியாது. வித்தியாசம் அங்கேதான்.

எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டும். மோர்கம் விரிகுடாப் பகுதி மருத்துவமனை ஒன்றில் 11 குழந்தைகளும் ஒரு தாயும் இறந்ததைத் தவிர்த்திருக்கலாம் என்று 2015-ல் விசாரணை அறிக்கை வந்தது. மருத்துவச்சிகள் செய்த தவறை மேற்பார்வை மருத்துவச்சிகளே விசாரித்த ஏற்பாடு அங்கே பலிக்கவில்லை. அந்த ஏற்பாட்டையும் 2017-ல்தான் நீக்கினார்கள். அது சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது. ஆலையில் விபத்து நடந்தால், அந்த ஷிஃப்டில் இருந்தவரையே விசாரிக்கச் சொல்வோமா? மாட்டோம். இயந்திரத்தை ஓட்டும் விதிமுறை எழுதும்போது அவரைக் கேட்காமல் இருப்போமா? அதுவும் மாட்டோம். விசாரணைக்கு வெளியார் வேண்டும். விதி எழுதும் மேஜையில் வேலை தெரிந்தவர் வேண்டும். மருத்துவச்சிக்கு நாற்காலி கேட்பது மருத்துவச்சியின் கௌரவத்துக்காக மட்டும் அல்ல. வலியோடு வரும் தாய்க்காக.

நியூசிலாந்து 2003 சட்டத்தில் மருத்துவச்சிகளுக்குத் தனிக் கவுன்சிலே கொடுத்துவிட்டது. நம் நாட்டில் 2023-ல் தேசிய செவிலியர், மருத்துவச்சி ஆணையச் சட்டம் நிறைவேறியது. இங்கேயும் இரண்டு தொழிலுக்கும் ஒரே கூரைதான். எனவே யாருக்கு எத்தனை இடம் என்று பார்ப்பது நம் வேலையும்கூட.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. நாளைக்கு நீங்களும் சங்கம் வைப்பீர்கள், கமிட்டியில் உட்காருவீர்கள். "அவங்களையும் கூப்பிட்டுக்கலாம் சார்" என்று யாராவது சொன்னால், அதை விதியிலேயே எழுதச் சொல்லுங்கள். கூப்பிடுகிற மனுஷர் மாறிவிடுவார், எழுத்து நிற்கும்.